தன்னார்வம் வெட்டி வேலை அல்ல

(ஓசூரில் நடந்த இளைஞர் கலந்துரையாடல் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'உள்ளூர்த் தன்னார்வமும் சமூக வளர்ச்சியும்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் சிலருக்குக் கொட்டாவி வந்திருக்கும். அது நியாயம்தான். தன்னார்வம் என்றதும் நம் கண்ணுக்கு முன்னால் வருவது என்ன? ஒரே நிறத்தில் டி-ஷர்ட், ஒரு பேனர், பத்து மரக்கன்று, நூறு செல்பி. அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் கன்றை ஆடு தின்றிருக்கும், பேனர் யார் வீட்டுக் கூரையிலோ கிடக்கும். அந்தத் தன்னார்வத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை.

நான் எழுத்தாளனோ பேராசிரியரோ இல்லை. சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் 14 வருடமாக ஷிப்டு பார்க்கிற தொழிலாளி. ஷிப்டு இல்லாத மாலைகளில் சூளகிரிப் பக்கம் ஒரு ஊரில், நண்பர்களோடு சேர்ந்து பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். அந்த அனுபவத்திலிருந்தும், படித்துத் தெரிந்துகொண்ட வரலாற்றிலிருந்தும் சில விஷயங்களைச் சொல்கிறேன். சரியில்லை என்று பட்டால் பேசி முடித்ததும் கேளுங்கள், விவாதிப்போம்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். 'வெட்டி வேலை', 'வெட்டிப் பேச்சு' என்று தினமும் சொல்கிறோம். பயனில்லாதது என்று பொருள் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் கூலி இல்லாமல் செய்தே தீர வேண்டிய கட்டாய வேலை. அந்த வேலை கடைசியில் யார் தலையில் விழுந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாவுச் செய்தி கொண்டு போவது, பறை அடிப்பது, குழி வெட்டுவது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது. இதையெல்லாம் செய்தவர்களிடம் 'இது உன் கடமை, ஊருக்கு நீ செய்கிற சேவை' என்றுதான் சொன்னார்கள். அரசியல் சட்டத்தின் 23-ஆவது உறுப்பு, மனிதர்களை விற்பதையும் கூலியில்லாக் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. இந்தியில் 'பேகார்' என்பார்கள். நம் ஊரில் அதற்குப் பெயர் வெட்டி.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், ஒரு காலனிப் பையனிடம் போய் 'தம்பி, ஊருக்காக இலவசமாகக் கொஞ்சம் உழைப்பா' என்றால், அவன் தயங்குவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அவன் தாத்தா இலவசமாக உழைத்தே தேய்ந்தவர். ஆகவே சாதி ஒழிப்பு பேசுகிற நாம், மற்றவர்கள் பேசுவது போல 'சேவை மனப்பான்மை வேண்டும்' என்று பொத்தாம் பொதுவாகப் பேசிவிட்டுப் போக முடியாது. எந்த இலவச உழைப்பு சாதியைக் காப்பாற்றுகிறது, எந்த இலவச உழைப்பு சாதியை உடைக்கிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

இரண்டாவது வகை உழைப்புக்கு எடுத்துக்காட்டுத் தேடி வெகு தூரம் போக வேண்டாம். வேப்பனப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே கோலார் மாவட்டத்தில் தங்கவயல் இருக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. பிறகு உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக, 3 கிலோமீட்டருக்கும் மேல் கீழே போனது. அதற்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து போன தாழ்த்தப்பட்ட மக்கள். வட ஆர்க்காட்டிலிருந்து போனார்கள், சேலம் மாவட்டத்திலிருந்தும் போனார்கள். கிருஷ்ணகிரியும் ஓசூரும் அன்று சேலம் மாவட்டம்தான். 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது, 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆக, தங்கவயல் வரலாறு ஏதோ அடுத்த மாநிலத்துக் கதை இல்லை, நம் வரலாறு.

அந்தத் தொழிலாளிகள் என்ன செய்தார்கள்? அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' என்று பெயர் மாறியது. அந்த இதழ் தங்கவயலுக்கு வந்தது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் சாக்கிய பௌத்த சங்கக் கிளைகள் எழுந்தன. எம்.ஒய். முருகேசர், ஜி. அப்பாத்துரையார் போன்றவர்கள் அதை நடத்தினார்கள். சுரங்கத்தில் வேலை முடிந்து, உடம்பிலிருந்த தூசியைக் கழுவிவிட்டு வந்தவர்கள் சங்கக் கூடத்தில் உட்கார்ந்து படித்தார்கள். படிக்கத் தெரிந்தவர் வாசித்தார், மற்றவர்கள் கேட்டார்கள். சொற்பொழிவுகள் நடந்தன. கல்யாணம், சாவு எல்லாவற்றையும் பார்ப்பனப் புரோகிதர் இல்லாமல் தாங்களே நடத்திக்கொண்டார்கள். 1914-இல் பண்டிதர் இறந்தார். 1926-இல் 'தமிழன்' மறுபடியும் வெளிவந்தது, தங்கவயலிலிருந்து, அப்பாத்துரையாரை ஆசிரியராகக் கொண்டு. சாம்பியன் ரீப்பில் சித்தார்த்தா புத்தகசாலை என்று ஒரு பதிப்பகமே இயங்கியது.

யோசித்துப் பாருங்கள். கம்பெனிக்குக் கை ரேகை வைத்துச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் என்று வெளியே இருந்தவர்கள் நினைத்த ஒரு கூட்டம், தன் ஓய்வு நேரத்தில் ஒரு பத்திரிகையையும் பதிப்பகத்தையும் தாங்கிப் பிடித்தது. இதற்கு எந்த அரசும் மதிப்பூதியம் தரவில்லை. எந்தக் கம்பெனியும் பேனர் அடித்துத் தரவில்லை. அதே மக்கள்தான் 1930-இல், தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் கொண்டு வந்த விதியை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து படித்ததற்கும் சுரங்க வாசலில் நின்றதற்கும் தொடர்பில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அதே தங்கவயலில் 1966-இல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். மலம் அள்ளும் வேலைக்குத் தள்ளப்பட்ட தெலுங்கு பேசும் குடும்பம். சுரங்கக் குடியிருப்பின் உலர் கழிப்பிடங்களில் தன் சொந்த மக்கள் வேலை செய்வதைப் பார்த்தவர். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு 'நானும் சேர்ந்து சுத்தம் செய்கிறேன்' என்று இறங்கவில்லை. அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். கழிப்பிடங்களைப் படம் எடுத்தார். அப்படி ஒரு வேலையே இங்கே இல்லை என்று சொன்னவர்கள் முன்னால் ஆதாரத்தை வைத்தார். பிறகு தோழர்களோடு சேர்ந்து சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பைக் கட்டினார். நாடு முழுக்க ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தார்கள். 2003-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2013-இல் புதுச் சட்டம் வந்தது. 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது. 1993-க்குப் பிறகு சாக்கடைக் குழியிலும் கழிவுத் தொட்டியிலும் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அது 30 லட்சம் ஆனது.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். அக்டோபர் 2 வந்தால் கையுறை போட்டுக்கொண்டு, ஏற்கெனவே சுத்தம் செய்து வைத்த சாலையை மறுபடியும் கூட்டிப் படம் எடுக்கிறவர்களும் தன்னார்வலர்கள்தான். கழிப்பிடம் கழிப்பிடமாகப் போய் விவரம் எழுதியவர்களும் தன்னார்வலர்கள்தான். முதல் வேலைக்குப் பிறகு மறுநாள் அதே தூய்மைப் பணியாளர் அதே சாலையைக் கூட்டுகிறார். இரண்டாவது வேலைக்குப் பிறகு ஒரு சட்டம் மாறுகிறது. ஒருவருடைய சுமையை ஒரு நாள் வாங்கிக்கொள்வது வேறு, அந்தச் சுமை ஏன் அவர் தலையில் மட்டும் இருக்கிறது என்று கேட்பது வேறு.

தமிழ்நாட்டுக்குள்ளேயும் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். ஆயிரக்கணக்கான உள்ளூர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் இளம் பெண்கள், மாலையில் வகுப்பு எடுத்தார்கள். எழுத்து சொல்லிக்கொடுக்கத்தான் போனார்கள். ஆனால் அதோடு பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பிறகு தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, அடுத்த ஊர் வகுப்புக்குப் போக யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்றானது. கல்குவாரியில் கூலிக்கு உடைத்த பெண்கள், குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். கல் உடைக்கிற மாவட்டம் நம்முடையது. கிரானைட்டும் ஜல்லியும் எவ்வளவு லாரியில் போகிறது என்று உங்களுக்கே தெரியும். 'அ, ஆ' சொல்லிக்கொடுக்கப் போன வேலை குவாரிக் குத்தகை வரைக்கும் போனது என்றால், உள்ளூரில் பிடித்துச் செய்கிற வேலைக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்பதை நாம் எடை போட வேண்டும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1970-களில் சிப்காட் வந்தது. லாரி, பைக், கைக்கடிகாரம் எல்லாம் இங்கே தயாராகின்றன. இப்போது மின்சார ஸ்கூட்டரும் செல்போன் பாகங்களும் சேர்ந்துவிட்டன. 2019-இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. வளர்ச்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வளர்ச்சி எங்கே வந்து நிற்கிறது? கம்பெனிக்குள் எல்லோரும் ஒரே லைனில் நிற்கிறோம், ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறோம். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால், ஒருவன் ஊர் நிறுத்தத்தில் இறங்குகிறான், ஒருவன் காலனி நிறுத்தத்தில் இறங்குகிறான். நகரத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் சம்பளச் சீட்டைக் கேட்பதற்கு முன்னால் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் லைன் வீடுகளில் ஒரு அறைக்கு ஆறேழு பேர் தங்கியிருக்கிறார்கள். தொழிற்சாலை தானாகச் சாதியை உடைத்துவிடும் என்றிருந்தால், இந்த ஐம்பது வருடத்தில் ஓசூரில் கொஞ்சமாவது உடைந்திருக்க வேண்டும்.

எவ்வளவு உடையவில்லை என்பதற்குச் சாட்சி 2018 நவம்பர். சூளகிரி அருகே சூடுகொண்டப்பள்ளியைச் சேர்ந்த இளம் இணையர். அவர் தலித், அவள் பிற்படுத்தப்பட்ட சாதி. கல்யாணம் செய்துகொண்டு இதே ஓசூரில்தான் வாழ்ந்தார்கள். கடத்திக்கொண்டு போய்க் கொன்றார்கள். உடல்கள் கர்நாடகத்தில் மாண்டியா மாவட்டத்துக் காவிரியில் கிடைத்தன. அதே ஆண்டு மார்ச் 27 அன்றுதான் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தது. மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும், 24 மணி நேர உதவி எண் வேண்டும், இணையருக்குப் பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும். எட்டு மாதம் கழித்து இந்தக் கொலை. நமக்கு அருகிலிருக்கிற எத்தனை இளைஞர்களுக்கு அந்தத் தீர்ப்பு தெரியும்? பயந்து ஓடிவருகிற ஒரு இணையரோடு காவல் நிலையத்துக்கு உடன் போக எத்தனை பேர் தயார்? என்னைக் கேட்டால் அதுவும் சமூக வளர்ச்சிப் பணிதான். ரத்ததான முகாமை விட அது ஒரு படி மேல், ஏனென்றால் ரத்தம் சிந்தாமல் தடுக்கிற வேலை அது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். தன்னார்வத்தை நாம் மட்டும் செய்யவில்லை. சாதிச் சங்கங்களும் செய்கின்றன. தலைவர் பிறந்தநாளுக்கு அன்னதானம், தன் சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் இலவசப் பயிற்சி, நோட்டுப் புத்தகம், அட்டையில் தலைவர் படம். மதவெறி அமைப்புகளும் வெள்ளம் வந்தால் முதல் ஆளாக வந்து நிற்கின்றன. அந்த நோட்டுப் புத்தகம் வாங்குகிற பையனைக் குறை சொல்லாதீர்கள். அவனுக்கு நோட்டு தேவை. நாம் இல்லாத இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். பேஸ்புக்கில் அவர்களைத் திட்டி எழுதுவதால் அந்த இடம் நமக்கு வந்துவிடாது. போய் நிற்க வேண்டும்.

அடுத்து ஒரு நியாயமான கேள்வி. முற்போக்குத் தோழர்களே கேட்கிறார்கள்: 'பள்ளி நடத்துவது அரசின் வேலை, ஆசிரியரை நியமிப்பது அரசின் வேலை. நீ இலவசமாகச் செய்தால் அரசு கைகழுவிவிடாதா?' 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது இந்த விவாதம் சூடாக நடந்தது. ஒன்றிய அரசின் தேசியக் கல்விக் கொள்கை 2020-உம் தன்னார்வலர்களைப் பற்றிப் பேசுகிறது, கல்விப் பயிற்சி இல்லாத யார் வேண்டுமானாலும் சேவை என்ற பெயரில் வகுப்புக்குள் நுழையலாமா என்று நம் இயக்கங்கள் கேட்டன. சரியான கேள்வி. இன்னொரு பக்கமும் உண்டு. கொரோனா இரண்டு வருடம் பள்ளியை மூடியது. ஆண்ட்ராய்டு போன் இல்லாத வீட்டுப் பிள்ளை எழுத்தை மறந்தது. அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை, ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள். படித்துவிட்டு வீட்டில் அடைபட்டிருந்த எத்தனையோ பெண்கள் முதன்முறையாகத் தெருவில் 'மிஸ்' என்று அழைக்கப்பட்டார்கள். அதே நேரத்தில், அந்த 1000 ரூபாய் அவர்கள் உழைப்புக்குக் கூலி ஆகுமா என்று கேட்பதும் நம் வேலை.

என் பதில் இது. நாம் செய்கிற வேலை, அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்கச் செய்தால், அது வெட்டி. கேட்கிற ஆட்களை உருவாக்கினால், அது இயக்கம். மாலை வகுப்பு நடத்துங்கள். ஆனால் வகுப்பு முடிந்ததும் 'பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் ஏன் காலி?' என்று மனு எழுதுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்கிறது: பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். உங்கள் ஊர்ப் பள்ளிக் குழுவில் காலனித் தாய் ஒருவர் இருக்கிறாரா? பெயர் இருக்கிறதா, ஆளும் கூட்டத்துக்கு வருகிறாரா? லைன் வீட்டு ஒடியாப் பிள்ளையிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பினார்களா? வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் இடம் மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது. அதைத் தெரிந்த ஒருவர் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனால் போதும். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும்.

அந்த ஒரு மணி நேரம் நமக்கு எப்படிக் கிடைக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. சில நாட்களில் நிறுத்தி வைத்தார்கள், மே நாளில் திரும்பப் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார். 12 மணி நேரம் கம்பெனிக்கு, இரண்டு மணி நேரம் பஸ்ஸுக்கு என்று போனால், தங்கவயல்காரர்கள் மாதிரி எந்தச் சங்கக் கூடத்தில் போய் உட்காருவது? வேலை நேரத்துக்காகப் போராடுவதும் தன்னார்வமும் வேறு வேறு இல்லை. நம் மாலை நேரம் நம் கையில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

கம்பெனிப் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிஎஸ்ஆர் என்று வருகிறதே, அது யாருடைய தர்மமும் இல்லை. கம்பெனிச் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனம், கடைசி மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். தான் இயங்குகிற சுற்றுப்புறத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் எங்கே செலவாகிறது என்று பாருங்கள். நான் கலந்துகொண்ட ஒரு நிறுவன நிகழ்ச்சியில், பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்க நாங்கள் முப்பது பேர் போனோம். நாங்கள் போவதற்கு முன்னால், காலனியிலிருந்து நான்கு பெண்களைக் கூப்பிட்டு அந்தப் பள்ளிக் கழிப்பறையைக் கழுவ வைத்திருந்தார்கள். எங்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அந்தப் பெண்கள் படத்தில்கூட இல்லை. வெட்டி என்றால் என்ன என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

இனி எங்கள் மாலை வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய சாதனை ஒன்றும் இல்லை, ஆனால் உங்களுக்குப் பயன்படும்.

ஆரம்பிக்கும்போது ஊர்ப் பெரியவர்கள் கோயில் மண்டபத்தைத் தருகிறோம் என்றார்கள். விளக்கு, மின்விசிறி எல்லாம் உண்டு. நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் காலனிப் பிள்ளை அந்தப் படி ஏறாது என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். காலனியிலேயே நடத்தினால் ஊர்ப் பிள்ளை வராது. நாங்கள் தலைமை ஆசிரியரிடமும் பள்ளிக் குழுவிடமும் பேசி அரசுத் தொடக்கப் பள்ளித் தாழ்வாரத்தைக் கேட்டு வாங்கினோம். முதல் நாலு மாதம் காலனிப் பிள்ளைகள் மட்டும்தான். பத்தாம் வகுப்புக் கணக்கு கற்றுக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை, கன்னடம் பேசுகிற பிள்ளை எல்லாம் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

ஒரு நாள் கவனித்தோம். வகுப்பு முடிந்ததும் யாரும் சொல்லாமலே ஒரு காலனிப் பெண்பிள்ளை துடைப்பத்தை எடுத்துக் கூட்டியது. மற்ற பிள்ளைகளுக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை. மறுநாளிலிருந்து வரிசை எண்படி முறை போட்டோம். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை, ஊர், காலனி, கற்றுக்கொடுக்கிற நாங்கள், எல்லோருக்கும் முறை உண்டு. ஒரு அப்பா வந்தார். 'எங்க பையன் எதுக்குங்க பெருக்கணும்?' என்று கேட்டார். 'அண்ணே, நேத்து நான் பெருக்கினேன்' என்றேன். ஒரு வாரம் பையனை அனுப்பவில்லை. அப்புறம் பரீட்சை வந்தது, அனுப்பினார். இன்று அந்தப் பையன் நன்றாகவே பெருக்குகிறான்.

நம் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிதான் 1953-இல், பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்துப் பெரியார் எதிர்த்தார், நாடே எதிர்த்தது, 1954-இல் காமராசர் வந்ததும் கைவிட்டார்கள். சட்டமாக அது போய்விட்டது. ஆனால் யாரும் சொல்லாமலே ஒரு சிறுமி துடைப்பத்தை எடுக்கிறாளே, அங்கே அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை விரட்ட மாலை ஆறு மணிக்கு ஒரு தாழ்வாரமும் ஒரு முறைப் பட்டியலும் வேண்டும்.

இந்த அனுபவத்திலிருந்து, எந்தத் தன்னார்வ வேலையில் இறங்குவதற்கும் முன்னால் நாங்கள் நாலு கேள்வி கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, இது நடக்கிற இடத்துக்கு ஊரிலேயே மிகவும் ஒதுக்கப்பட்ட ஆள் தலை நிமிர்ந்து வர முடியுமா? இரண்டு, துடைப்பம் யார் கையில், மைக் யார் கையில்? மூன்று, இந்த வேலையின் கடைசியில் ஒரு மனுவோ, ஒரு தீர்மானமோ, ஒரு உரிமையோ இருக்கிறதா? நான்கு, வந்த பணத்துக்குக் கணக்கு எல்லோரும் பார்க்கிற மாதிரி சுவரில் ஒட்டியிருக்கிறதா? இந்த நாலுக்கும் பதில் இருந்தால், கம்பெனி கூப்பிட்டாலும் அரசு கூப்பிட்டாலும் தாராளமாகப் போங்கள்.

மூன்றாவது கேள்விக்குக் கிராம சபை ஒரு நல்ல கருவி. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் தந்தது. தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாங்கள் காலனியில் வீடு வீடாகப் போய், 'நாளைக்கு ஒரு மணி நேரம் வாங்க, உட்கார்ந்தா போதும்' என்று கூப்பிட்டோம். முதல் தடவை ஏழு பேர் வந்தார்கள். ஓரமாக நின்றார்கள். மூன்றாவது தடவை ஒரு அம்மா எழுந்து, காலனி ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுதாகி எத்தனை மாதம் என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். அப்புறம் 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். எட்டு மாதம் ஆனது. மோட்டார் வந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுமக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்ட வேண்டும். அப்படியென்றால் பணம் உள்ள தெருவுக்கு அரசுப் பணமும் போகும், இல்லாத தெருவுக்குப் போகாது. அதனால்தான் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று வைத்திருக்கிறார்கள். இது தெரியாத காலனிகள் எத்தனை! இதைப் போய்ச் சொல்வதற்குப் பெயரும் தன்னார்வம்தான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வாரத்தில் ஒரு மாலை. ஐந்து பேர் சேருங்கள், அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும், ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் இருக்கட்டும். ஐந்து பேரும் ஒரே சாதியாக இருந்தால் ஆறாவது ஆளைத் தேடுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக் குழுவில் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபைக்கு ஒரு கோரிக்கையை எழுத்தில் கொண்டு போங்கள். மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் உங்கள் பகுதி சபை எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். சாதி மறுப்பு இணையர் யாராவது கதவைத் தட்டினால் எந்த எண்ணுக்குப் பேசுவது, எந்த வழக்கறிஞரிடம் போவது என்று இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பேத்கர் 1924-இல் பம்பாயில் பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அந்தச் சபை விடுதி நடத்தியது, படிப்பகம் நடத்தியது. மூன்று வருடம் கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மஹாடில் அவர் தலைமையில் மக்கள் பொதுக் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார்கள். நாம் மஹாடை மட்டும் படமாக மாட்டி வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் சபை செய்த படிப்பக வேலையையும் விடுதி வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவற்றைச் செய்தவர்களின் பெயர் பல நமக்குத் தெரியாது. நம் பெயரும் யாருக்கும் தெரியாமல் போகலாம். பரவாயில்லை. கூட்டம் முடிந்ததும் வெளியே ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், ஊர், வாரத்தில் எந்த மாலை ஓய்வு, இந்த மூன்றை மட்டும் எழுதிவிட்டுப் போங்கள்.